நானூறு டிகிரியில் ஒரு மணி நேரம்

ரொசாரியோ, பெண்கள் சிறை
1992 மே 4

ஓவிதியோ,

நீ பிழைத்துக்கொண்டாய் என்று என் வக்கீலம்மா சொன்னார். இடது கண் போய்விட்டது, காதுக்கு மேல் பதினொரு தையல், இப்போது கன்யாதா தே கோமெஸில் உன் அக்கா ஓல்கா வீட்டில் இருக்கிறாய் என்றார். விலாசத்தைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு எழுது, நீதிபதி மனம் இளகுவார் என்றும் சொன்னார். இது அந்தக் கடிதம் இல்லை.

கஸ்பாரியின் முலாம் பட்டறையில் பதினொரு வருஷம் நீ தொட்டியைப் பார்த்துக்கொண்டாய். தொட்டியிலிருந்து வந்ததன் கடினத்தை நான் அளந்தேன். நீ தரையில் விழுந்த பிறகு நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. அதற்கு முன்னால் நடந்ததிலும் உனக்குத் தெரியாதது உண்டு. சொல்கிறேன், கேள்.

மார்ச் 6, வெள்ளிக்கிழமை, என் புருஷன் அமில்கார் வேலை செய்த, இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கும் ஃபோர்ஜிங் ஆலையில் பெரிய பிரஸ் தீப்பிடித்தது. அந்தப் பிரஸ்ஸை எண்ணெய் அழுத்தத்தில் இயக்கும் இரும்பு ராடுக்கு டிசம்பரில் முலாம் போட்டது நாம்தான். மூன்று பேர் வெந்தார்கள். ஆஸ்பத்திரியில் அமில்காரின் முகத்தில் கட்டுக்கு வெளியே தெரிந்தது உதடு மட்டும். அந்த உதட்டால் அவன் சொன்னது இது: "ராடு உரிஞ்சி போச்சு தேலியா. வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சிச்சு. அது எண்ணெயை அடைச்சிருந்த ரப்பர் வளையத்தைக் கிழிச்சி, எண்ணெய் பீச்சி, பழுத்த இரும்பு மேல விழுந்துச்சு."

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தேன். நீ என் மேசை இழுப்பறைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாய். தொட்டியில் சாமான் மாட்டும் செப்புக் கம்பி சுவரோரம் சாய்ந்திருந்தது. முதல் அடி காதில். நீ திரும்பினாய், இரண்டாவது கண்ணில். மூன்றாவதை நெற்றிக்கு ஓங்கினேன், ரத்தத்தில் கம்பி வழுக்கிவிட்டது. அதனால்தான் நீ இருக்கிறாய்.

அதற்குள் ஃபோர்ஜிங் ஆட்கள் முப்பது பேர் கதவை உடைத்து உள்ளே வந்துவிட்டார்கள். தொட்டிகளைக் கவிழ்த்தார்கள். நிக்கல் கரைந்த பச்சை நிறத் தண்ணீர் தெரு வரைக்கும் ஓடிற்று. அதில் நீ கிடந்தாய். யாரோ உன்னை மிதித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். தடுக்கவில்லை.

அமில்கார் பதினேழாம் தேதி செத்தான். நான் லாக்கப்பில் இருந்தேன். பெண் போலீஸ் கறி அடைத்த எம்பனாதா ஒன்றைத் தின்றுகொண்டே கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "உன் ஆள் போயிட்டானாம்" என்றாள்.

எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். ராடுக்கு முதலில் சுத்த நிக்கல், மிருதுவானது, இரும்பைப் பிடித்துக்கொள்ள. அதன் மேல் பாஸ்பரஸ் கலந்த நிக்கல், எட்டுப் படலம். பிறகு உலையில் நானூறு டிகிரி, ஒரு மணி நேரம். உலைக்கு முன் ஐந்நூற்று அறுபது இருந்த கடினம் உலைக்குப் பின் தொள்ளாயிரத்து நாற்பது. அளந்தது நான், முத்திரை என்னுடையது. அந்த முத்திரைக்கு அடியில், அடிப் படலத்தில், நீ என்ன ஊற்றினாய்?

தேலியா


கன்யாதா தே கோமெஸ்
1992 மே 20

அன்புள்ள தேலியா,

உன் கடிதத்தை ஓல்காதான் படித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்தி, "இவளுக்குப் பதில் எழுதினே, எனக்கு நீ தம்பியே இல்ல" என்றாள். அவள் கடைக்குப் போன நேரத்தில் எழுதுகிறேன். வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஒரு கண்ணோடு இருக்கிறவனுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. மாத்தே இலை போட்ட குவளைக்கு வெந்நீர் ஊற்றினால் முழங்காலில் கொட்டுகிறது.

அமில்காருக்காக மிகவும் வருந்துகிறேன். நல்ல மனிதன். ராடு எப்போது தயாராகும் என்று கேட்க வந்தால்கூட முதலில் என் முதுகுவலியை விசாரிப்பான்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. தூங்கி எழும்போது ஒவ்வொரு முறையும் இருக்கிறது.

தொட்டி சுத்தமாக இருந்தது. நீயே பார்த்திருக்கிறாய், என் தொட்டியில் நான் தூசி விழ விடமாட்டேன். உலையின் மீட்டர் பழசு, அது தப்புக் காட்டியிருக்கலாம். பிரஸ்ஸிலும் கோளாறு இருந்திருக்கும். இப்படிப்பட்ட விபத்துக்கு நூறு காரணம் இருக்கும். உன் இழுப்பறையில் நான் உன் அளவு நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன், போலீஸ் கேட்கும் என்று. வேறொன்றும் இல்லை.

இங்கே குளிர்காலம் தொடங்கிப் பனியும் விழ ஆரம்பித்துவிட்டது. உள்ளே போர்வை கொடுக்கிறார்களா?

ஓவிதியோ


ரொசாரியோ, பெண்கள் சிறை
1992 ஜூன் 8

ஓவிதியோ,

போர்வையை விசாரிக்காதே.

உலை மேல் பழி போடாதே. பதினொரு வருஷம் அந்த உலையிலிருந்து வந்ததை வைரமுனையால் குத்தி, குழியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து அளந்தவள் நான். சூடு குறைந்திருந்தால் எழுநூறு, எண்ணூறோடு நின்றிருக்கும். கூடியிருந்தால் ஏறிய கடினம் மறுபடி இறங்கியிருக்கும். தொள்ளாயிரத்து நாற்பது வந்தது. உலை சரியாகத்தான் வேலை செய்தது. மேல் படலமும் சரி. மேலே சரியாக இருந்து ராடு உரிந்ததென்றால் கெட்டது அடியில். அடியில் கை வைத்தது நீ.

இன்னொன்று. நோட்டு அன்றைக்கு மேசை மேல் திறந்து கிடந்தது. நீ அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் இழுப்பறையைத் துழாவினாய். இழுப்பறையில் இருந்தது ஒரே ஒரு சாமான். ராடோடு சேர்த்துத் தொட்டியில் போட்டு, ராடோடு சேர்த்து உலையில் வைத்த சோதனைத் துண்டு. சுண்டுவிரல் அளவு. அது எங்கே?

இங்கே என்னைக் "கண்பிடுங்கி" என்று கூப்பிடுகிறார்கள். போன வாரம் இரண்டு பேர் குளியலறையில் என்னைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். ஒருத்தியின் காதைக் கடித்துத் துப்பினேன். இப்போது சாப்பாட்டு வரிசையில் எனக்கு வழி விடுகிறார்கள். நான் இப்படிப்பட்டவள் என்று எனக்கே தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

தேலியா


கன்யாதா தே கோமெஸ்
1992 ஜூலை 2

தேலியா,

துண்டு என்னிடம் இருக்கிறது. நீ அடித்தபோது அது என் கைக்குள் இருந்தது. ஆஸ்பத்திரியில் விரலைப் பிரித்து எடுத்து என் செருப்போடும் பெல்ட்டோடும் ஒரு பையில் போட்டிருக்கிறார்கள். அதை அமிலத்தில் போட்டுக் கரைக்கத்தான் எடுத்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பரில் அந்த ராடை அடிப் படலம் போட்டு வெளியே தூக்கியபோது உடம்பெல்லாம் மரு மாதிரி பொரிப்பொரியாக இருந்தது. எல்லாவற்றையும் உரித்துவிட்டு மறுபடி போட வேண்டும், இரண்டு முழு நாள் ஆகும் என்றேன். கஸ்பாரி உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தார். சாக்கரின். காபியில் இனிப்புக்குப் போடுகிற அதே சாமான்தான், தண்ணீரில் கரைத்தது. பளபளப்பு வேண்டிய சாமானுக்கு அதைப் போடுவது வழக்கம்தான். கதவுப் பிடி, சைக்கிள் கைப்பிடி, அதற்கெல்லாம் நானே போட்டிருக்கிறேன்.

"இது உலைக்குப் போற சாமான், முதலாளி," என்றேன். "அதுல கந்தகம் இருக்கு. நானூறு டிகிரியில அடிப்படலம் பிஸ்கட் மாதிரி ஆயிடும்."

"மேல எட்டுப் படலம் இருக்குல்ல? அடியில இருக்கறதை எவன் பாக்கப் போறான்?" என்றார். "அந்தப் பொண்ணு மேலதான் குத்திப் பாக்கும்."

பிறகு அது தொட்டியில் ஊற்றப்பட்டது. பொரியை மூடிக்கொண்டு இன்னொரு பூச்சு ஏறி, ராடு கண்ணாடி மாதிரி வந்தது. உன் புருஷனே வண்டியில் ஏற்றும்போது அதில் முகம் பார்த்து மீசையைத் தடவினான்.

இதை யாரிடமும் சொல்லாதே என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஓவிதியோ


ரொசாரியோ, பெண்கள் சிறை
1992 ஜூலை 19

ஓவிதியோ,

"ஊற்றப்பட்டது." இந்த வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? டப்பா தானாக நடந்து வந்து தொட்டியில் குதித்ததா? பெயரைச் சொல்.

இதோடு கடிதத்தை முடித்துவிட்டு உறையை ஒட்டியிருந்தேன். மறுநாள் சமையல்கட்டில் ஒரு சண்டை. ஒரு பிடி சர்க்கரைக்காக ஒருத்தி கெட்டிலோடு வெந்நீரை இன்னொருத்தியின் கழுத்தில் ஊற்றிவிட்டாள். விழுந்தவளின் சட்டையை நான்தான் கழற்றினேன். தோலும் கூடவே வந்தது. கையில் அதைப் பிடித்துக்கொண்டே வாந்தியெடுத்தேன். அப்புறம் உறையைக் கிழித்தேன். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

உலையிலிருந்து அந்தத் துண்டு வந்ததும் முதல் குத்து வைத்தேன். குழியின் நான்கு மூலையிலிருந்தும் சிலந்திக் கால் மாதிரி விரிசல் ஓடியது. பதினொரு வருஷத்தில் அப்படி நான் பார்த்ததில்லை. துண்டை நடுவில் அறுத்து, படலம் படலமாக அளந்து, அடிப்படலத்தையும் பார்த்திருக்க வேண்டும். ஒரு நாள் வேலை. அந்த நேரத்தில் போன் வந்தது. அமில்கார். "என்னடி, உன் ராடு இன்னும் வேகலையா? மூணு நாளா எல்லாரும் சும்மா உக்காந்து சீட்டாடறோம். அனுப்பித் தொலை." சிரித்தேன். போனை வைத்துவிட்டு, துண்டைக் கொஞ்சம் நகர்த்தி வேறு இடத்தில் குத்தினேன். தொள்ளாயிரத்து நாற்பது. விரிசல் இல்லை. நோட்டில் அந்த ஒன்றை மட்டும் எழுதினேன். முத்திரை போட்டேன்.

உன்னைக் கம்பியால் அடித்தபோது இது எனக்கு ஞாபகம் இருந்தது. மறந்துபோய் அடிக்கவில்லை. ஞாபகம் இருந்ததால்தான் அவ்வளவு ஓங்கி அடித்தேன்.

துண்டை என் வக்கீலம்மாவிடம் கொடுங்கள். அறுத்துப் பார்க்கட்டும். அந்த முதல் குழியும் அதில் இருக்கும், எல்லாரும் பார்க்கட்டும். உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தேலியா


கன்யாதா தே கோமெஸ்
1992 ஆகஸ்ட் 11

தேலியா,

ஊற்றியது நான். கஸ்பாரி டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் அதை அலமாரியில் வைத்துவிட்டு உரிக்கிற வேலையை ஆரம்பித்திருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்காது. அரை மணி நேரம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு முதுகு வலித்தது. ராடை மறுபடி தூக்கி இறக்க மலைப்பாக இருந்தது. ஊற்றினேன். இவ்வளவுதான் காரணம்.

இதை இப்போதாவது எழுத வைத்தது எது என்று சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு பேர் வந்தார்கள். சன்னல் வழியாகப் பார்த்ததுமே கஸ்பாரியின் ஆட்கள் என்று தெரிந்துவிட்டது, ஒருவன் பட்டறை லாரி ஓட்டுகிறவன். இழுப்பறையில் துண்டு இல்லாததைக் கஸ்பாரி கண்டுகொண்டிருப்பார். நான் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். ஓல்கா கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"உங்க தம்பிகிட்ட ஒரு இரும்புத் துண்டு இருக்காம். குடுத்துடுங்க, போயிடறோம்."

"இங்க இரும்பும் இல்ல, தம்பியும் இல்ல. போங்கடா."

கதவுச் சட்டத்தில் அவள் கை இருக்கும்போதே கதவை உதைத்துச் சாத்தினார்கள். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, தேலியா. உலர்ந்த குச்சி முறிகிற சத்தம். திரும்பவும் ஒரு தடவை உதைத்தார்கள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. அவள் கத்தியது ஒரே வார்த்தை, "இல்ல." நான் தாழில் கையை வைத்துக்கொண்டு உள்ளேயே நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து அவர்களை விரட்டின பிறகுதான் வெளியே வந்தேன். ஓல்கா என்னைப் பார்த்து, "உள்ளேயா இருந்தே?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் பேசவில்லை.

அன்றைக்கே பஸ் ஏறி ரொசாரியோ வந்து துண்டை உன் வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பல்கலைக்கழக ஆய்வகத்தில் அறுத்துப் பார்ப்பார்களாம். அக்டோபர் 14 விசாரணையில் நான் வந்து சொல்கிறேன். உன்னையும் அழைத்து வருவார்கள் என்றார்.

ஓவிதியோ


ரொசாரியோ, பெண்கள் சிறை
1992 அக்டோபர் 20

ஓவிதியோ அவர்களுக்கு,

குடலில் இரண்டு இடம் தைத்திருக்கிறார்கள், காய்ச்சல் இறங்கவில்லை என்று வக்கீலம்மா சொன்னார். இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

விசாரணை நின்றுபோன பிறகு நடந்தவை: ஆய்வக அறிக்கையை நீதிபதி ஏற்றுக்கொண்டார். அடிப்படலம் முழுக்கக் கந்தகம், கையால் வளைத்தாலே உதிர்ந்ததாம். என் முதல் குழியின் படமும் இருக்கிறது, தலையணை அளவுக்குப் பெரிதாக்கி. கஸ்பாரியை அன்று சாயங்காலமே வீட்டில் வைத்துப் பிடித்துவிட்டார்கள். உங்கள் மேலும் வழக்கு, என் மேல் இரண்டாவது வழக்கு. நான் மறுக்கப் போவதில்லை.

தாரியோவைப் பற்றி. அமில்காரின் தம்பி என்பதைத் தவிர உங்களுக்கு அவனைப் பற்றித் தெரிந்திருக்காது. இறைச்சி ஆலையில் எலும்பு பிரிக்கிறவன். நீங்கள் "நான்தான் ஊற்றினேன்" என்று சொன்னபோது அவன் அசையவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து நான் எழுந்து, விரிசலைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் முத்திரை போட்டேன் என்றேன். அப்போதுதான் அவன் பெஞ்சைத் தாண்டினான். "அண்ணி, நீயா?" என்றான். என் கல்யாணத்தில் எனக்கு மோதிரம் எடுத்துக் கொடுத்த பையன். ஆலைக் கத்தியைக் கால்சட்டைக்குள் வைத்திருந்திருக்கிறான். எனக்குக் கைவிலங்கு, பின்னால் சுவர். அவன் கை கீழிருந்து மேலாக வந்தது, பன்றிக்குக் குத்துகிற மாதிரி.

இடையில் நீங்கள். முதல் குத்து உங்கள் வயிற்றில். இரண்டாவதும் உங்களுக்குத்தான். மூன்றாவது என் முன்கையில், எலும்பு வரைக்கும். நான்கு போலீஸ்காரர்கள் அவனைத் தரையில் போட்டு மிதித்தார்கள். பல் தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான். என் மாமியார் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தபடியே இருந்தாள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

நீங்கள் என் மேல்தான் விழுந்தீர்கள். உங்கள் ரத்தம் சூடாக இருந்தது. விலங்கு போட்ட கையால் உங்கள் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் வந்து கையை எடுக்கச் சொல்லும் வரை எடுக்கவில்லை.

இங்கே எல்லாரும் ஒன்று சொல்கிறார்கள். கண்ணைப் பிடுங்கினவளுக்காகக் குத்து வாங்கினான் என்று. சிறையில் பாதிப் பேர் அதைக் கேட்டு அழுகிறார்கள். ஒருத்தி உங்களுக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறாள். எனக்குப் புரியவில்லை. ஏன் எழுந்தீர்கள்?

தேலியா


ரொசாரியோ, ஆஸ்பத்திரி
1992 நவம்பர் 3

தேலியா,

காய்ச்சல் விட்டுவிட்டது. இன்று உட்கார வைத்திருக்கிறார்கள். கட்டில் காலோடு என் காலைச் சங்கிலியால் பூட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமை என்னைச் சிறைக்கு மாற்றுகிறார்கள்.

ஓல்கா வந்தாள். கை இன்னும் மாவுக்கட்டில். என் தலைமாட்டில் உட்கார்ந்து, "நீ இவ்வளவு பெரிய ஆளுன்னு எனக்குத் தெரியாதுடா" என்று சொல்லி என் நெற்றியில் முத்தமிட்டாள். ஆகஸ்டுக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உனக்கு எழுதிவிடுகிறேன்.

அவன் பெஞ்சைத் தாண்டுவதைப் பார்த்தேன். கத்தியையும் பார்த்தேன். அவன் என்னைக் கொல்லத்தான் வருகிறான் என்று நினைத்தேன். வேறு யாரைக் கொல்வான்? ஓடுவதற்குத்தான் எழுந்தேன். கதவு உன் பக்கத்தில் இருந்தது.

அவ்வளவுதான். உன்னை நான் நினைக்கவே இல்லை. நீ அங்கே நிற்பதுகூட அந்த நேரத்தில் என் மனதில் இல்லை. மெழுகுவத்தி ஏற்றுகிற அந்தப் பெண்ணிடம் நிறுத்தச் சொல்.

இதைப் படித்த பிறகு நீ எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

ஓவிதியோ


ரொசாரியோ, பெண்கள் சிறை
1992 நவம்பர் 9

ஓவிதியோ அவர்களுக்கு,

எனக்குத் தெரியும். நீங்கள் எழுந்தபோது உங்கள் முகம் எனக்கு நேராக இருந்தது. காப்பாற்ற வருகிறவனின் முகம் அப்படி இருக்காது. கண் கதவின் மேல் இருந்தது.

தெரிந்துகொண்டேதான் கேட்டேன். என்ன எழுதுவீர்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. நீங்கள் பொய் சொல்லியிருந்தால் நான் இங்கிருந்து யாருக்கும் எழுதப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. நீங்களும் என்னை மன்னிக்க வேண்டாம். தாரியோவுக்குக் கம்பளிச் சட்டை அனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டான். மறுபடி அனுப்புவேன். மெழுகுவத்திக்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஏத்தினது ஏத்தினதாவே இருக்கட்டும், பாதிதான எரிஞ்சிருக்கு" என்றாள்.

இதை வக்கீலம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமைதான் தபால் எடுக்கிறார்கள். உங்களை எந்தச் சிறையில் போட்டிருக்கிறார்கள், எத்தனையாவது அறை என்று அதற்குள் எழுதுங்கள். விலாசம் இல்லாமல் நான் எங்கே அனுப்புவது?

தேலியா